நாமம் போட்ட பூனை: காளிகாட் ஓவியங்களில் அங்கதம்



இந்த முறை ஒரு பூனையைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். செய்யுளில் வரும் பூனை இல்லை, ஓவியத்தில் வரும் பூனை. முதலில் படத்தை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள்.

ஒரு தாள். பின்னணியில் ஒன்றுமே இல்லை. மரம், வீடு, வானம் எதுவும் கிடையாது. தாளை நிறைத்தபடி ஒரு கொழுத்த பூனை. முதுகிலிருந்து வால் வரை ஒரே வீச்சில் இழுத்த வளைகோடு. வாயில் பெரிய இறால் ஒன்று, மீசையும் காலும் வெளியே தொங்குகின்றன. பூனையின் முகம் நம்மை நேராகப் பார்க்கிறது. அந்த முகத்தில் மூக்கிலிருந்து நெற்றிவரை ஒரு வைணவத் திலகம். நம் பேச்சில் சொன்னால், பூனை நாமம் போட்டிருக்கிறது.

அவ்வளவுதான் படம். கீழே விளக்க வரி கிடையாது, ஓவியர் கையெழுத்தும் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பார்த்த உடனே நமக்குச் சிரிப்பு வருகிறது. ஏன் சிரித்தோம்? யாரைப் பார்த்துச் சிரித்தோம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரிந்தால், அங்கதம் என்றால் என்ன என்பது பாதி புரிந்த மாதிரி. இரண்டாவது கேள்விதான் கடினமானது. இந்தக் கட்டுரை அதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது.

படம் பிறந்த இடம்

கல்கத்தாவின் தெற்கே காளிகாட் என்ற இடத்தில் ஒரு காளி கோயில் இருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் கோயில் கட்டடம் 1809இல் கட்டி முடிக்கப்பட்டது. கோயிலுக்குக் கூட்டம் வந்தது. கூட்டத்தை நம்பிக் கடைகள் வந்தன. பூ, தேங்காய், பாத்திரம், பொம்மை விற்றவர்களோடு படம் வரைந்து விற்பவர்களும் வந்து சேர்ந்தார்கள். இவர்களைப் பட்டுவாக்கள் என்பார்கள்.

பட்டுவாக்கள் அடிப்படையில் கிராமத்துக் கதைசொல்லிகள். நீளமான சுருள் ஒன்றில் ஒரு கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து, ஊர் ஊராகப் போய், சுருளை மெல்ல விரித்துக்கொண்டே அதற்கான பாட்டைப் பாடுவார்கள். படமும் பாட்டும் சேர்ந்ததுதான் அவர்கள் கலை. மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர்ப் பகுதியில் நயா என்ற கிராமத்தில் இன்றும் இப்படிப் பாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முஸ்லிம்கள். இராமாயணமும் வரைகிறார்கள், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் வரைந்து பாடியிருக்கிறார்கள்.

ஆனால் கோயில் வாசலில் நிலைமை வேறு. சாமி கும்பிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பவர் அரைமணி நேரம் நின்று பாட்டுக் கேட்பாரா? மாட்டார். அவருக்கு வேண்டியது சில காசுக்கு வாங்கிச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஒரு படம். எனவே சுருள் போய், ஒற்றைத் தாள் வந்தது. அதுவும் ஆலையில் செய்த மலிவுத் தாள். பாட்டும் போய்விட்டது. முன்பு பாட்டு சொன்னதையெல்லாம் இப்போது கோடே சொல்ல வேண்டும், அதுவும் ஒரே பார்வையில்.

வேலையைக் குடும்பமே பங்குபோட்டுச் செய்தது. ஓவியர் முகுல் டே 1932இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் மாதிரிப் படத்தைப் பார்த்துப் புறக்கோடு போடுவார். இன்னொருவர் உடலுக்கு வண்ணம் பூசி உருட்சி கொடுப்பார். மற்றொருவர் உடைக்கும் மற்றவற்றுக்கும் வண்ணம் தீட்டுவார். கடைசியில் விளக்குக் கரியால் செய்த மையில் கோட்டை முடித்து வைப்பார்கள். பின்னணி வரையாமல் விட்டதற்கும் வேகம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த அவசரத்தால் ஒரு நன்மையும் விளைந்தது: கண் வேறெங்கும் ஓட வழியில்லாமல், பூனையின் நாமத்தையும் வாயிலிருக்கும் இறாலையும் மட்டுமே பார்க்கிறது.

பூனையைப் படிப்போம்

வங்காளிகளுக்கு மீன் என்றால் உயிர். இறால் என்றால் இன்னும் ஒரு படி மேல். ஆனால் வங்கத்து வைணவ நெறியில் தீட்சை பெற்றவர் மீனும் தொடக் கூடாது. ஊரே மீன் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் அதை விட்டுவிடுகிறார் என்றால் அது பெரிய துறவு. அந்தத் துறவின் அடையாளம்தான் நெற்றித் திலகம். இப்போது படத்தைத் திரும்பப் பாருங்கள். அடையாளம் நெற்றியில் இருக்கிறது, இறால் வாயில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான்கு விரற்கடைத் தூரம்கூட இல்லை.

வங்காள மொழியில் 'பிடால் தபஸ்வி' என்று ஒரு தொடர் உண்டு. தவம் செய்யும் பூனை என்று பொருள். நம் தமிழில் 'ருத்திராட்சப் பூனை' என்கிறோமே, அதேதான். அங்கே நாமம், இங்கே ருத்திராட்சம், பூனை ஒன்றுதான். ஆக, ஓவியர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரார் வாயில் இருந்த சொல்லை எடுத்துத் தாளில் வைத்தார். அதனால்தான் விளக்க வரி தேவைப்படவில்லை.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிப்பது உங்களுக்கு நினைவிருக்கும். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். பூனைப் படம் இதில் எது? ஓவியர் யார் பெயரையும் சொல்லவில்லை, எந்தத் துறவியையும் வரையவில்லை. 'நான் பூனைதானே வரைந்தேன்' என்று தப்பித்துக்கொள்ளவும் முடியும். எனவே பழிகரப்பு என்றுதான் நான் சொல்வேன். கரப்பு என்றாலும் யாருக்கும் புரியாத கரப்பு இல்லை. எல்லாருக்கும் புரியும், யாரும் சண்டைக்கு வர முடியாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். காளி கோயில் என்பது ஆடு பலியிடும் சாக்தக் கோயில். அதன் வாசலில் உட்கார்ந்து வைணவரைக் கிண்டல் செய்வது சுலபம்தானே? இது வெறும் சமயப் போட்டி இல்லையா?

இந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே கடையில் வேறு என்னென்ன விற்றது என்று பார்க்க வேண்டும். காளி, துர்க்கை படங்கள் மட்டுமில்லை. கிருஷ்ணர் உண்டு, இராதை உண்டு, வங்க வைணவத்தின் பெருமகனான சைதன்யரும் உண்டு. வைணவ பக்தரும் அந்தக் கடைக்கு வருவார், காசு கொடுப்பார். அவரைப் புண்படுத்திப் பிழைக்க முடியாது. கிண்டல் நெறியின் மேல் இருந்தால் அவர் கடைப்பக்கமே வந்திருக்க மாட்டார். நெறியை நெற்றியோடு நிறுத்திக்கொண்டவர் மேல்தான் கிண்டல். உண்மையான பக்தருக்கு அப்படிப்பட்டவர்மேல் நம்மைவிட அதிகக் கோபம் இருக்கும்!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அக்காலத்து வைணவத் துறவியர் எல்லாரும் வசதியாக வாழ்ந்தவர்கள் இல்லை. வாசல் வாசலாகப் பாடி அரிசி வாங்கியவர்கள் இருந்தார்கள். போக்கிடம் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் சேர்ந்த கைம்பெண்கள் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தா நாம் சிரிக்கிறோம்? இல்லை. காரணம், பூனை கொழுத்திருக்கிறது. பட்டினியால் ஒட்டிய வயிறு உள்ளவர் யாரும் அந்தப் பூனைக்குள் அடங்க மாட்டார். ஓவியர் அந்த வளைகோட்டாலேயே தன் குறியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். வடிவமே கருத்தாகிற இடம் இது.

நம் பக்கத்துப் பூனையும் பசுவும்

மாமல்லபுரத்துக்குப் போனவர்கள், போகாவிட்டாலும் படத்தில் பார்த்தவர்கள், அருச்சுனன் தபசு எனப்படும் பெரிய பாறைச் சிற்பத்தை அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்தது. அதில் தவம் செய்யும் மனிதரைப் போலவே, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒரு பூனை நிற்கிறது, சுற்றி எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலும் இப்படி ஒரு பூனைக்கதை வருகிறது: கங்கைக் கரையில் தவம் செய்வதாக நடித்து, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனை.

கல்லில் உள்ள பூனைக்கும் தாளில் உள்ள பூனைக்கும் என்ன வேறுபாடு? மாமல்லபுரத்துப் பூனை இன்னும் எலியைத் தின்னவில்லை. தவக்கோலத்தில்தான் நிற்கிறது. கதை தெரிந்தவருக்குத்தான் அடுத்தது என்ன நடக்கும் என்று தெரியும். காளிகாட் பூனை பிடிபட்டுவிட்டது, இறால் வாயிலேயே இருக்கிறது. அப்படியும் அதன் முகத்தில் வெட்கம் இல்லை. நம்மை நேராகப் பார்க்கிறது. 'ஆமாம், அதுக்கு என்ன இப்போ?' என்று கேட்கிற பார்வை அது. போலித்தனம் பழகிப்போன ஊரில்தான் அந்த முகத்தை வரைய முடியும்.

திருக்குறளின் 28ஆம் அதிகாரம் கூடாவொழுக்கம். அதன் 273ஆம் குறளில் புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிர் மேயும் பசு வருகிறது. அடுத்த குறளில், புதருக்குப் பின்னால் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடன். வள்ளுவர் பிடித்த அதே விஷயத்தைத்தான் பட்டுவாவும் பிடித்திருக்கிறார். இருவருமே துறவைக் கேலி செய்யவில்லை. வேடத்தைக் கேலி செய்கிறார்கள். வள்ளுவரிடம் கோபம் கொஞ்சம் தூக்கல். பட்டுவாவிடம் சிரிப்பு தூக்கல், ஏனென்றால் அவர் படம் விற்க வேண்டும்!

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நாமம் தானாக நெற்றியில் வந்து ஒட்டிக்கொள்ளாது. ஒருவர் தாமாகவே கையெடுத்துப் போட்டுக்கொள்வது. தாமாகப் போட்டுக்கொண்ட வேடம் சிரிப்புக்கு உரியது. அதற்கு அவர் பொறுப்பு. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மற்றப் படங்களுக்குப் போவோம்.

பாபுவும் கார்த்திக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் 'பாபு' என்றொரு கூட்டம் உருவானது. கம்பெனி வியாபாரத்திலும் நிலத்திலும் வந்த புதுப்பணம். அதைச் செலவழிக்கத் திருவிழாக்கள். துர்க்கை பூசை என்றால் வெள்ளைக்கார அதிகாரிகளை வீட்டுக்கு அழைத்து விருந்தும் நடனமும் வைப்பார்கள். யார் வீட்டுப் பூசை பெரிது என்பதில் போட்டி. 1862இல் காளிபிரசன்ன சின்ஹா 'ஹுதோம் பியாஞ்சார் நக்ஷா' என்ற நூலை வெளியிட்டார். ஓர் ஆந்தை ஊரைப் பார்த்து எழுதிய சித்திரங்கள் என்பது அதன் பாவனை. சடக் திருவிழா, துர்க்கை பூசை என்று ஊர்த் திருவிழாக்கள் ஒவ்வொன்றும் அதில் கிண்டலுக்கு ஆளாகின்றன. அவர் பேச்சு மொழியில் எழுதியதைப் பட்டுவாக்கள் கோட்டில் வரைந்தார்கள்.

படத்தில் பாபுவைக் கண்டுபிடிப்பது எளிது. ஆங்கிலப் பாணி நாற்காலி, மடிப்புக் கலையாத வேட்டி, கொக்கி வைத்த சீமைச் சப்பாத்து, கையில் புகைக்குழாய். தலைமுடி 'ஆல்பர்ட்' வெட்டு, விக்டோரியா அரசியின் கணவரைப் பார்த்து வந்த மோஸ்தர். பாதி ஊர், பாதி சீமை.

இப்போது நமக்கு ஆர்வமூட்டும் ஒரு படம். மயில்மேல் அமர்ந்திருக்கும் கார்த்திக். யார் அவர்? நம் முருகன்தான். வங்கத்துக் கார்த்திக், படத்தில் ஆல்பர்ட் வெட்டோடு, கொக்கிச் சப்பாத்தோடு, அச்சு அசல் பாபுவாக இருக்கிறார்! பார்த்தவுடன் நம் மாணவர்கள், 'முருகனையே கிண்டல் பண்ணிட்டாங்களா?' என்று கேட்கக்கூடும். அவசரப்பட்டு ஆமாம் சொல்லிவிட வேண்டாம். வங்கத்தில் கார்த்திக் அழகுக்குப் பெயர்பெற்ற கடவுள். 'அழகான இளைஞன்' என்றால் அன்றைய கல்கத்தாவில் எப்படி இருப்பான்? பாபு மாதிரிதான் இருப்பான். ஓவியர் அன்புடனேயே அப்படி வரைந்திருக்கலாம். சிரிப்பு வந்தால் அது பாபுவுக்கு. கும்பிடு வந்தால் அது கார்த்திக்குக்கு. எல்லாப் படத்தையும் அங்கதம் என்று முத்திரை குத்துவது விமர்சனம் ஆகாது. இரு பொருளுக்கும் இடம் இருக்கிறது என்று காட்டுவதும் விமர்சனம்தான்.

பாபுவை நேரடியாகவே தாக்கும் படங்களும் உண்டு. ஒன்றில் அவர் செம்மறியாடாகிவிட்டார். உடல் ஆட்டின் உடல், தலை மட்டும் மனிதத் தலை. ஒரு தாசிப் பெண் கழுத்தில் கயிறு கட்டி இழுத்துப் போகிறாள். இன்னொன்றில் ஒரு பெண் துடைப்பத்தால் ஆணை விளாசுகிறாள். வேறொன்றில் கீழே விழுந்து கிடக்கும் காதலன்மேல் பெண் கால் வைத்து நிற்கிறாள். இந்தக் கடைசிப் படத்தைப் பார்த்ததும், சிவன்மேல் கால் வைத்து நிற்கும் காளியின் உருவம் நினைவுக்கு வராமல் இருக்காது. பத்தடி தள்ளிக் கோயிலில் இருக்கும் தெய்வத்தின் நிலையை எடுத்துத் தெருச்சண்டைக்குப் போட்டிருக்கிறார் ஓவியர். துணிச்சல்தான்!

ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பாபுவின் முடியும் சப்பாத்தும் அவர் தாமாக எடுத்துக்கொண்ட வேடம். அதைப் பார்த்துச் சிரிப்பது நியாயம். கயிற்றைப் பிடித்திருக்கும் பெண்? அவள் அந்த வாழ்க்கைக்குத் தானாக வந்தாளா? படம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 'ஆண் கெட்டான், கெடுத்தவள் இவள்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நாமம் போட்ட பூனையிடம் இருந்த கூர்மை இங்கே மழுங்கத் தொடங்குகிறது.

1873: சிரிப்பு இடம் மாறியது

அது முழுவதுமாக மழுங்கிய இடம் ஒரு கொலை வழக்கு.

கல்கத்தாவுக்கு அருகே தாரகேசுவர் என்ற புகழ்பெற்ற சிவன் கோயில் இருக்கிறது. அதன் தலைவர் மகந்த் மாதவசந்திர கிரி. எலோகேசி என்ற பதினாறு வயதுப் பெண் அந்த ஊர்க்காரி. கணவன் நபீன் கல்கத்தாவில் அரசாங்க அச்சகத்தில் வேலை பார்த்தான். பிள்ளை வரம், மருந்து என்ற பெயரில் மகந்த் அந்தப் பெண்ணைத் தன்வசமாக்கினார் என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. விஷயம் தெரிந்த நபீன், 1873 மே மாதம், மீன் நறுக்கும் அரிவாள்மணையால் அவள் கழுத்தை வெட்டினான். வழக்கு வங்கத்தையே உலுக்கியது. மகந்துக்கு மூன்றாண்டுக் கடுங்காவல். நபீனுக்கு ஆயுள் தண்டனை; ஆனால் மக்கள் மனுமேல் மனு போட்டதால் 1875இல் விடுதலையானான்.

பட்டுவாக்களுக்கு இதைவிடப் பெரிய சரக்கு கிடைக்குமா? வரைந்து தள்ளினார்கள். மகந்தும் எலோகேசியும் சந்திப்பது, வெற்றிலை கொடுப்பது, கணவன் அரிவாளை ஓங்குவது, தலை வேறு உடல் வேறாகக் கிடப்பது, மகந்த் சிறையில் இருப்பது என்று வரிசையாக.

இவற்றில் சிறைப் படம் சிறந்தது. மகந்த் கைதி உடையில் செக்கு இழுக்கிறார். செக்கு என்றதும் நமக்கு வ.உ.சி. நினைவுக்கு வருவார்; அவர் இழுத்தது நாட்டுக்காக. இங்கே, பல்லக்கில் போன மனிதர் மாட்டின் இடத்தில் நிற்கிறார். கோயில், பட்டம், காலில் விழும் கூட்டம் எல்லாம் போய்விட்டன. வேடம் கலைந்த பூனை என்று இதைச் சொல்லலாம். தாக்கப்பட்டவர் சைவ மடத்துத் தலைவர் என்பதையும் கவனியுங்கள். பட்டுவாக்கள் வைணவரை மட்டும்தான் கிண்டல் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே விழுந்துவிடுகிறது.

மற்றப் படங்கள்? எலோகேசியைப் பாருங்கள். தாசியை வரைய எந்த வளைகோட்டைப் பயன்படுத்தினார்களோ, அதே கோடு. அதே பூரித்த முகம், அதே நீண்ட கண், அதே நகை, கையில் அதே வெற்றிலை. பதினாறு வயதில் மருந்து வாங்கப் போன பெண் படத்தில் இல்லவே இல்லை. நான் பார்த்த படங்களில் அவள் பயந்தோ மறுத்தோ நிற்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. அவள் முகத்தில் அச்சம் வருவது அரிவாள் ஓங்கிய பிறகுதான்.

இதற்கு ஓர் எளிய காரணம் சொல்லலாம். குடும்பமே வேகமாக வரைந்த தொழில், பெண் என்றால் கைக்குப் பழகிய ஓர் அச்சு இருந்தது, அதையே போட்டார்கள். இது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் விளைவு மாறாது. கோயிலில் 'பிள்ளை வரம்' என்ற சடங்கின் பெயரில் நடந்த ஏமாற்று, உண்மையில் அங்கதத்துக்கு உரிய பொருள். பூனையை வரைந்த கை அதை வரைந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, செத்துப்போன பெண்ணை நாலு பேர் வேடிக்கை பார்க்கும்படி வரைந்தது. அவள் போட்டுக்கொண்ட வேடம் எது? எதுவுமில்லை. வேடம் இல்லாதவரைப் பார்த்துச் சிரிக்க வைப்பதற்கு அங்கதம் என்று பெயரில்லை, ஏளனம் என்றுதான் பெயர்.

'அந்தக் காலத்து ஆட்கள், அப்படித்தான் இருப்பாங்க' என்று விட்டுவிடலாமா? கூடாது. அந்தக் காலத்து ஆட்கள்தான் பூனையையும் வரைந்தார்கள். அவர்களால் முடியும் என்று நமக்குத் தெரியும். தெரிந்ததால்தான் குறை சொல்கிறோம்.

பிறகு என்ன ஆனது?

வண்ண அச்சுப் படங்கள் வந்தன. ஜெர்மனியில் அச்சானவை, பம்பாயில் அச்சானவை என்று மலிவாகக் குவிந்தன. இரவி வர்மாவின் அச்சகம் பம்பாயில் 1894இல் தொடங்கியது. கையால் வரைந்த தாளுக்கு மதிப்புக் குறைந்தது. ஏறக்குறைய 1930க்குள் காளிகாட் ஓவியத்தொழில் ஓய்ந்துவிட்டது. எஞ்சிய தாள்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் போயின. இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேல் உள்ளன. அவற்றில் ஒரு பகுதி, லாக்வுட் கிப்ளிங் சேர்த்து வைத்து, அவர் மகனும் எழுத்தாளருமான ரட்யார்ட் கிப்ளிங் 1917இல் கொடுத்தது. வங்க ஓவியர் ஜாமினி ராய் அந்தக் கோட்டிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டார்.

அச்சு வந்த பிறகு சாமிப் படங்கள் நம் பூசை அறைக்கும் நாள்காட்டிக்கும் வந்து சேர்ந்தன. நாமம் போட்ட பூனை வரவில்லை. பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய இரண்டில் ஒன்றுதான் நம்மிடம் வந்தது. கும்பிடவும் கும்பிடுவதுபோல் நடிப்பவரைப் பார்த்துச் சிரிக்கவும் ஒரே கடையில் படம் வாங்கலாம் என்ற நிலைமை ஒரு சமூகத்துக்கு நல்லது என்றே நினைக்கிறேன்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்களே, பல இனத்தார் அருகருகே வாழும் நம் ஊரில் இந்தப் பாடத்தைத் தொடத் தயக்கம் வரலாம். சமயச் சடங்கு, கிண்டல் என்றாலே 'எதுக்கு வம்பு' என்று விலகத் தோன்றும். ஆனால் நாம் விலகினாலும் மாணவர்கள் விலகுவதில்லை. அவர்கள் கைப்பேசியில் தினமும் கேலிப் படங்கள் வந்து விழுகின்றன: திருவிழாவைப் பற்றி, கல்யாணச் சடங்கைப் பற்றி, ஒருவர் சாப்பாட்டைப் பற்றி, தோல் நிறத்தைப் பற்றி. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். எது பூனைப் படம், எது எலோகேசிப் படம் என்று பிரித்துப் பார்க்க யாராவது சொல்லித்தர வேண்டாமா? தமிழ் வகுப்பு அதற்கு நல்ல இடம். அங்கதம், வஞ்சப்புகழ்ச்சி என்று நாம் ஏற்கெனவே சொல்லித்தருகிறோம், அதையே ஒரு படி நீட்டினால் போதும்.

மாணவர்களே, ஒரு கேலிப் படத்தையோ காட்சியையோ பார்த்து எழுதவோ பேசவோ சொன்னால், 'இது சமுதாயத்துக்கு நல்ல கருத்தைச் சொல்கிறது' என்ற பொது வரியோடு நிறுத்திவிடாதீர்கள். கீழ்க்கண்ட வரிசையில் யோசித்துப் பாருங்கள்.

1. படத்தில் பொருந்தாத இரண்டு பொருள்கள் எவை? (நாமமும் இறாலும் போல.)
2. அவற்றின் பொருள் யாருக்குப் புரியும்? அதற்கு எந்தப் பழக்கமோ பழமொழியோ தெரிந்திருக்க வேண்டும்?
3. சிரிப்பு யார்மேல் விழுகிறது? அவர் தாமாகப் போட்டுக்கொண்ட வேடத்தின் மேலா, அவரால் மாற்ற முடியாத ஒன்றின் மேலா?
4. படத்தில் இருக்க வேண்டியவர் யாராவது விடுபட்டிருக்கிறாரா?

நான்காவது கேள்வியைப் பலர் மறந்துவிடுவார்கள். மருந்து வாங்கப் போன எலோகேசி விடுபட்டிருக்கிறாள் என்று கண்டுபிடிக்க உதவியது அந்தக் கேள்விதான்.

பயிற்சிக்கு ஒன்று: கூடாவொழுக்கம் அதிகாரத்தில் ஏதேனும் ஒரு குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே தாளில், பின்னணி இல்லாமல், எழுத்து இல்லாமல் படமாக வரைய வேண்டும் என்றால் என்ன வரைவீர்கள்? வரைந்த பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். அவர் சிரித்தால், யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை ஐந்து வரியில் எழுதி வாருங்கள்.